ஸ்பெஷல் பிள்ளைகளுக்கு முதல்ல வேண்டியது டீச்சருக்க மனசா, போஸ்டிங்கா?

பேச்சிப்பாறை டீச்சர்:
எங்க வட்டார வள மையத்துல உள்ளடக்கிய கல்வி, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளையும் சாதாரண வகுப்புல சேத்து படிப்பிக்கது, அதுக்கு ட்ரெயினிங் நடந்துச்சு. அதுல அரை நாள் ஆசிரியருக்க உள் வளர்ச்சி பத்தியாக்கும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வகுப்புல இருக்கும்போ நமக்கு வர்ற எரிச்சல், பயம் எல்லாம் எங்கருந்து வருதுன்னு பாக்கணும், ராத்திரி படுக்க முன்னாடி அந்தப் பிள்ளைய மனசுல கொண்டு வந்து இன்னைக்கு எங்க சிரிச்சான், எங்க மிரண்டான்னு நெனச்சுப் பாக்கணும்னு சொன்னாங்க. 1924-ல ருடால்ஃப் ஸ்டைனர்ங்கற ஆஸ்திரிய தத்துவவாதி சுவிட்சர்லாந்துல இந்தப் பிள்ளைகளுக்க கல்வி பத்தி பேசின காலத்துலருந்தே இப்படி ஒரு வழி இருக்காம். கூட இருந்தவங்க பாதிப் பேரு இது வேண்டாத வேலைன்னாங்க. எனக்கு இது தான் மொதல்ல வேணும்னு படுது. பெஞ்சுக்கு அடியில போயி இருக்கிற பையனப் பாத்தா எந்த டீச்சருக்கும் உடனே வர்ற நெனப்பு "நான் சொல்லுறத மதிக்க மாட்டேங்கான்"ங்கறது தான், அது வந்த உடனே குரல் ஏறும், குரல் ஏறினா அவன் இன்னும் உள்ள ஒதுங்குவான். அந்த நெனப்ப பிடிச்சு நிறுத்தத் தெரியாம வேற என்ன படிச்சும் என்ன?

தக்கலை சிறப்பாசிரியர்:
டீச்சர், இதப் படிக்க வருத்தமா இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு. 2021-ல உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புல 10 மாற்றுத்திறன் பிள்ளைக்கு 1 சிறப்பாசிரியர், அதுக்கு மேல உள்ள வகுப்புல 15 பிள்ளைக்கு 1-ன்னு சொல்லிச்சு, 2022-ல அது அறிவிக்கையாவும் வந்தாச்சு. இங்க நாங்க தொகுப்பூதியத்துல, ஒரு ஆளு பல ஸ்கூலுக்கு ஓடுதோம். காலைல குலசேகரம் பக்கம் ஒரு பிள்ளை, மத்தியானம் ரெண்டு பஸ் மாறி வீட்டோட கெடக்கிற இன்னொரு பிள்ளை. மனச சரி பண்ணுங்கன்னு சொல்லுறதுக்கு காசு செலவில்ல, அதனால தான் அதை முன்னாடி வைக்காங்க. வேலைக்கு ஆள் போடாம இருக்க இது ஒரு சாக்காப் போயிரும்னு தான் எனக்கு பயம்.

கருங்கல் அம்மா:
எனக்க மோனுக்கு ஆட்டிசம். மொதல்ல சேத்த ஸ்கூல்ல ட்ரெயினிங் எடுத்த ஆளு இருந்தாங்க, அவனுக்க மொகத்தக் கூட பாக்காம ஃபார்ம நிரப்பிட்டு சிறப்புப் பள்ளிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. இப்ப உள்ள ஸ்கூல்ல டீச்சர் சாதாரண டீச்சர் தான். அங்க மணிக்கு தண்டவாளத் துண்டத் தான் அடிக்கது, அந்தச் சத்தம் கேட்டா இவன் தரையில விழுந்து பொரளுவான். மத்தவங்க பிடிவாதம்னாங்க. இந்த டீச்சர் மட்டும் கொஞ்ச நாள் சும்மா பாத்துட்டே இருந்து, மணிக்கு சித்த முன்னாடி அவன் பக்கத்துல போயி நின்னு ரெண்டு விரல காட்ட ஆரம்பிச்சாங்க. இப்ப விரலக் காட்டினா அவனே காதப் பொத்திட்டு நிப்பான், அடிச்சு முடிஞ்சதும் கைய எடுத்துட்டு டீச்சரப் பாத்து சிரிப்பான். இதுக்கு எந்த போஸ்டிங்கும் வரல்ல சார்.

தக்கலை சிறப்பாசிரியர்:
அக்கா, அந்த டீச்சருக்கு என் வணக்கம். ஆனா அவங்க செஞ்சது எங்க படிப்புல உள்ள பாடம் தான். சத்தம் தாங்காத பிள்ளைய மாற்றம் வர முன்னாடியே தயார் பண்ணுறது, அத படமாவோ சைகையாவோ காட்டுறது எல்லாம் பழகினா வர்ற வேலை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைய இடுப்புக்கும் பாதத்துக்கும் தாங்கல் இல்லாம உக்கார வச்சா எவ்வளவு பாசமா வச்சாலும் அவனால பென்சில் பிடிக்க ஏலாது. வலிப்பு வந்தா ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கப்படாது. இன்னும் கையில சாவி குடுக்க ஓடுற நல்ல மனசுக்காரங்க எத்தன பேரு தெரியுமா?

விளவங்கோடு சார் (ஓய்வு):
தம்பி சொல்லுறது சரி, அறிவு வேணும். ஆனா பிள்ளை கையக் கடிக்கும்போ அந்த அறிவு எங்க போவுதுன்னு யோசிச்சுப் பாருங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு, பிள்ளைய அடிக்கப்படாது, மனசு நோக பேசவும் படாது. இது தெரியாத வாத்தியார் ஒருத்தரும் இல்ல, ஆனாலும் தொடையில கிள்ளுற கை இன்னும் இருக்கு. அது தெரியாத குறையில்ல, தன்னை ஆளத் தெரியாத குறையாக்கும்.
ஸ்காட்லாந்துல 1940-கள்ல கார்ல் கோனிக்ங்கற டாக்டர் கேம்ப்ஹில்ங்கற, இந்த மாதிரி பிள்ளைகளோட சேந்து வாழுற குடியிருப்புல ஒரு வழக்கம் கொண்டு வந்தாரு, பிள்ளையோட இருக்கிற எல்லாரும் கூடி இருந்து ஒரே ஒரு பிள்ளையப் பத்தி மட்டும் பேசுறது. நான் எங்க ஸ்கூல்ல அத செஞ்சேன், சத்துணவு ஆயாவையும் கூட இருத்தினேன். சாப்பாட்டுத் தட்ட எப்பவும் தள்ளிவிடுற ஒரு பிள்ளையப் பத்தி நாங்க கொழப்பம், குறும்புன்னு என்னென்னவோ சொல்லிட்டிருந்தோம், அந்த ஆயா தான் "சோறையும் சாம்பாரையும் தனியா வச்சா திங்கான் சார், பிசைஞ்சு குடுத்தா தான் தள்ளுதான்"ன்னாங்க. டிகிரி உள்ள ஒருத்தரும் அதப் பாக்கல்ல. தீர்ப்பு சொல்லாம பாக்கப் பழகணும், அது தான் உள் வளர்ச்சிங்கறது. கண்ண மூடி இருந்து மூச்சு விடுறத மட்டும் நான் சொல்லல்ல.

தக்கலை சிறப்பாசிரியர்:
சார், கேக்க நல்லா இருக்கு, எப்ப கூடி இருக்கது? எமிஸ்ங்கற பள்ளித் தகவல் வெப்சைட்டுல என்ட்ரி, எண்ணும் எழுத்தும் திட்டத்துக்க மதிப்பீடு, ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பு. 2024-ல மத்திய அரசுக்க கல்வி நிதி வராம நின்னப்போ எங்களுக்கு சம்பளம் எப்ப வரும்னே தெரியாது, அந்த நேரத்துல ஒருத்தர் வந்து உங்க மனசப் பாருங்கன்னா நான் எந்த மனசப் பாக்கது? களைச்சுப் போன ஆளுகிட்ட பொறுமையப் பாடமா எடுக்கப்படாது. ஆள் போட்டா பொறுமை பாதி தானா வரும்.

பேச்சிப்பாறை டீச்சர்:
பாதி வரும், மீதிக்குத் தான் நான் கேக்கேன். பக்கத்து ஸ்கூல் டீச்சர்மாரு எல்லாம் கூடுற அடுத்த குறுவள மைய கூட்டத்துல ஒரு மணி நேரம் ஒரு பிள்ளைக்குன்னு ஒதுக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன். நீங்க வரணும் தம்பி, உக்கார வைக்கிறது, வலிப்பு, இதெல்லாம் நீங்க சொல்லாம எங்களுக்குத் தெரியாது.

தக்கலை சிறப்பாசிரியர்:
வாறேன். ஆனா அதே கடிதத்துல 10 பிள்ளைக்கு 1-ங்கறதையும் எழுதி எல்லாரும் கையெழுத்து போடணும். அது இல்லாம உள் வளர்ச்சிக்கு மட்டும்னா நான் வரல்ல, இதுல எனக்கு மாற்றமில்ல.

கருங்கல் அம்மா:
பெத்தவங்களையும் கூப்பிடுவீங்களா டீச்சர்? சனிக்கிழமைன்னா நான் வேலை பாக்கிற அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலை) மொதல்லயே லீவு சொல்லணும், நேரத்த முன்னாடி சொல்லிருங்க.