ஒரே கோட் பல இடத்தில் கிடந்ததை ஒரு ஃபங்ஷனாக்கியபோது உங்களுக்கு நடந்தது என்ன?

செம்மண்காரன்:
யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் பெரியப்பாவின் வெங்காயத் தோட்டம். கிணறு இறங்கினால் மோட்டரை நிறுத்தி, ஊற்று ஊறிவர இருபது நிமிடம் விட்டுத் திரும்பப் போடுகிற சின்னக் கருவி. ஏடிமெகா328 சிப், சி மொழி. முதலில் எழுதியவர் கனடா போய்விட்ட அண்ணா. கிணறு, மேல்தொட்டி, வாய்க்கால் என்று மூன்று சென்சாருக்கும் ஒரே இருபது வரி மூன்று தடவை கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சென்சார் மாட்டிய சிப் காலின் (பின்) இலக்கம், நீர்மட்ட எல்லை, காத்திருக்கும் நேரம் மூன்றையும் பராமீட்டராக, அதாவது கூப்பிடும்போது கொடுக்கும் மதிப்பாக, வாங்கும் ஒரு ஃபங்ஷனாக மாற்றினேன்.

ஆடி மாதம், கிணறு அடியில் கிடக்கிற காலம். ஒரு பின்னேரம் கிணற்றடியில் நின்று பெரியப்பா கூப்பிட்டார். மோட்டர் தொடங்குகிறது, தண்ணீரும் காற்றுமாக இழுத்துக் கொறகொறக்கிறது, நிற்கிறது. அவர் கை மணிக்கூட்டைப் பார்த்து வாய்விட்டு எண்ணினார். இருபது எண்ணி முடிய மோட்டர் திரும்பத் தொடங்கியது. "இருபது நிமிசம் எண்டெல்லோ சொன்னனீ தம்பி?"

அந்தச் சிப்பில் இன்ட் என்கிற முழுவெண் வகை 16 பிட். 32767க்கு மேல் கொள்ளாது. இருபது நிமிடம் 1200000 மில்லிசெக்கன். அண்ணாவின் கோட்டில் அந்த எண் நேராக 32 பிட் அன்சைன்ட் லாங்கோடு ஒப்பிடப்பட்டது, அதனால் சரியாக இருந்தது. நான் பராமீட்டரை இன்ட் என்று போட்டேன். மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு மிஞ்சியது 20352. அதாவது இருபது செக்கன் சொச்சம். கோட்டைச் சிப்புக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரின் எச்சரிக்கைகளை நான் அணைத்து வைத்திருந்தேன். இருந்திருந்தால் அந்த வரியைக் காட்டியிருக்கும்.

மோட்டரின் சீல் போய்விட்டது. பெரியப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

நல்லூரடி:
எனக்கும் இதே கதைதான், ஆனால் என்னிடம் வெட்டுப்பட்டது ஆட்களின் பெயர். ஒரு சங்கத்துக்குப் பற்றுச்சீட்டு அடிக்கும் புரோகிராம். 64 பைட் வரிசையில் பெயரை நிரப்பும் வரி ஆறு இடத்தில் இருந்தது, எல்லாவற்றிலும் அளவுக்கு சைஸ்ஆஃப், ஒன்று எத்தனை பைட் என்று சொல்வது. எடுத்து ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்தேன், வரியில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஆனால் ஃபங்ஷனுக்குள் வந்ததும் அது வரிசை இல்லை, வெறும் பாயிண்டர், வரிசையின் முகவரி மட்டும். 64 பிட் கம்ப்யூட்டரில் சைஸ்ஆஃப் 8 என்கிறது. முடிவுப் பூச்சியத்துக்கு ஒன்று போக 7 பைட்.

ரவி என்று ஆங்கில எழுத்தில் அடித்துச் சோதித்தேன். நாலு பைட், அழகாக வந்தது. அடுத்த நாள் காலை சிவகுமார் என்று தமிழில் ஒரு பெயர். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ச மூன்று, மேலே வரும் இகர விசிறி மூன்று, ஆறு பைட்டில் 'சி' முடிந்தது. ஏழாவது பைட் 'வ'வின் மூன்றில் ஒரு துண்டு. தாளில் 'சி', பக்கத்தில் வெறும் பெட்டி ஒன்று. சீட்டை வாங்கிய அம்மா அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பிள்ளை, இதில இவரின்ர பேர் எங்கை?" என்று கேட்டா. அளவையும் இரண்டாவது பராமீட்டராகக் கொடுத்து அன்றே திருத்தினேன். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய கம்பைலர்:
இரண்டு பேரும் ஃபங்ஷனாக்கியதே பிழை என்பது போல எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஏற்க மாட்டேன். எனக்கு நடந்தது சின்னது: ஃபங்ஷனுக்குப் பதில் மேக்ரோ எழுதினேன், கொடுத்த எழுத்தை அப்படியே இட்டு நிரப்புவது. இரண்டில் பெரியதை எடுக்கும் மேக்ரோ, அதற்குள் ஐ++, அதாவது ஐயை ஒன்று கூட்டு என்று, கொடுத்தேன். மேக்ரோ அதை இரண்டு தடவை விரித்து, ஐயும் இரண்டு தடவை கூடி, அட்டவணையில் வரிகள் விட்டுவிட்டு வந்தன. ஒரு இரவு முழுக்கத் தேடினேன்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதைச் செய்யுங்கள். மேக்ரோ வேண்டாம், ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷன் எழுதுங்கள், 1999 தரத்திலிருந்தே சியில் இருக்கிறது. ஒரே கோப்புக்குள் மட்டும் தேவையென்றால் ஸ்டாட்டிக் போதும், வெளியே பெயர் தெரியாது. ஸ்டாட்டிக் இல்லாமல் ஹெடரில் முழு ஃபங்ஷனையும் வைத்து இரண்டு சி கோப்புகளில் இன்க்ளூட் செய்தால் கோப்புகளை இணைக்கும் லிங்கர் மல்டிபிள் டெஃபினிஷன் (ஒரே பெயர் இரண்டு தடவை) என்று நின்றுவிடும். நேரத்துக்கு வெறும் இன்ட் வேண்டாம், எப்போதும் 32 பிட்டான யூஇன்ட்32_டி போடுங்கள், பெயரிலேயே அலகையும் சேருங்கள், காத்திரு_மிசெ என்பது மாதிரி. நல்லூரடிப் பிள்ளைக்கு: பராமீட்டரில் அடைப்புக்குள் 64 என்று எழுதினாலும் கம்பைலர் அதைப் பாயிண்டராகத்தான் எடுக்கும். ஆனால் அப்படி எழுதி உள்ளே சைஸ்ஆஃப் போட்டால் ஜிசிசி கம்பைலர் 5ஆம் பதிப்பிலிருந்து கேட்காமலே எச்சரிக்கும், நட்சத்திரம் போட்டு எழுதினால் அந்த எச்சரிக்கை வராது. எல்லாவற்றுக்கும் முதல், இணைக்கப் போகும் துண்டுகளை, வித்தியாசம் காட்டும் டிஃப் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி என்று கண் சொல்லும் இடத்தில் ஒரு சிறிய சமன் குறி வித்தியாசமாக இருக்கும். அது தட்டச்சுப் பிழையா, காரணத்தோடு போட்டதா என்று எழுதியவரிடம் கேளுங்கள். எச்சரிக்கை எல்லாவற்றையும் வைத்திருங்கள், அது போதும்.

அறிவியல்நகர்:
அண்ணை, போதாது. கிளிநொச்சியில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். திகதியை எழுத்தாக்கும் கோட் ஐந்து இடத்தில் இருந்தது, ஃபங்ஷனாக்கினேன். உள்ளே இருக்கும் சாதாரண வரிசை ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும், அதன் முகவரியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தெரியும், அதனால் முடிந்த பிறகும் நிற்கும் ஸ்டாட்டிக் வரிசை. கம்பைலர் வாயே திறக்கவில்லை. பிறகு அச்சிடும் ஒரே பிரின்ட்எஃப் வரியில் அதை இரண்டு தடவை கூப்பிட்டேன். தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் ஒன்றாக வந்தன, இரண்டுக்கும் இருப்பது ஒரே வரிசைதானே. ஆய்வுகூடத்தில் பார்க்க வந்தவர் "இந்த வேலை ஒரே நாளில் முடிந்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பதில் வரவில்லை. இப்போது வரிசையைக் கூப்பிடுகிறவரே தர வேண்டும் என்று மாற்றிவிட்டேன், அளவோடு சேர்த்து.

செம்மண்காரன்:
பழைய கம்பைலர் அண்ணை, ஃபங்ஷன் பிழை என்று நான் சொல்லவில்லை. இன்றும் அந்த ஒரு ஃபங்ஷன்தான் ஓடுகிறது. யூஇன்ட்32_டி ஆக்கி, எச்சரிக்கைகளைத் திறந்து, புது சீலும் போட்டாயிற்று. போன கிழமை கிணற்றடிக்குப் போனேன். மோட்டர் நின்றதும் பெரியப்பா மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். இருபது நிமிடமும் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.