பித்தப்பையை எடுப்பதா, வைத்துக்கொள்வதா: டெல்டாப் பக்கத்து அனுபவங்கள்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

பித்தப்பையில் கல் என்று ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து ஆபரேஷன் முடியும் வரை நான் கேட்ட யோசனைகளுக்கு அளவே இல்லை. சொன்னவர்கள் எல்லாரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு வர்ற வலி அந்தக் கல்லாலதான் வருதா?" கடைசியில் என் முடிவு அந்தக் கேள்வியில்தான் நின்றது. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு ஆகும் என்று விவரமாக எழுதுகிறேன்.

என் வலி எப்படி என்றால், கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டு வந்தால் அன்றைக்கு ராத்திரி வரும். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுப்பக்கம் ஏறி, தோள்பட்டை எலும்பில் போய் நிற்கும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது; திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்றிரண்டு மணி நேரம், கூடவே வாந்தி. அப்புறம் வந்த சுவடே இருக்காது. விடிந்தால் கொட்டகை கூட்டி, பால் கறந்து, என் பாட்டுக்கு வேலை பார்ப்பேன். இப்படி விட்டு விட்டு வந்ததால் எல்லாரும் கேஸ் ட்ரபிள் என்றார்கள். ஓமத்தண்ணீர், சோடா, வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை என்று ஓடியது. ஒரு தடவை நெஞ்சுவலியோ என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அது எடுக்க வேண்டியதுதான். நெஞ்சுக்குழியில் பிடிக்கிற வலியை வீட்டிலிருந்தபடி பித்தப்பை என்று முடிவுகட்டக் கூடாது.

தஞ்சாவூரில் பார்த்த சர்ஜன் முதலில் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. படுக்க வைத்து, வலது விலா விளிம்புக்குக் கீழே விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, "மூச்சை நல்லா உள்ள இழுங்கம்மா" என்றார். பாதி மூச்சிலேயே எனக்கு அடைத்துவிட்டது. அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. இடது பக்கம் அதே மாதிரி அழுத்தினார், ஒன்றுமில்லை. ராத்திரியிலிருந்து பட்டினியாக இருந்து எடுத்த ஸ்கேனை மறுபடி ஒருமுறை எடுக்கச் சொன்னார். இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தபோது திரையில் அந்தக் கற்கள் உருண்டு இடம் மாறியதை நானே பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் கறுப்பாக ஒரு நிழல் விழுந்தது. பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அடிக்கடி புண்பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு 4 இருந்தது.

"கல்லு இருக்குங்கறதுக்காக நான் எடுக்கச் சொல்லலம்மா. கல்லும் இருக்கு, இந்த வலியும் அதோட வலிதான். ரெண்டும் ஒண்ணா இருக்கறதாலதான் சொல்றேன்" என்றார். எனக்குத் தெளிவு வந்தது அந்த வார்த்தையில்தான்.

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல்; பை அதைச் சேர்த்து வைத்துக் கெட்டிப்படுத்துகிறது, அவ்வளவுதான். கொழுப்பான சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் ஒரு ஹார்மோன் சுரந்து பையைச் சுருக்கும். அப்போது கல் பையின் வாயில் வந்து அடைத்துக்கொண்டால் வலி. அடைப்பு விலகினால் வலி நிற்கும். விருந்து சாப்பிட்ட ராத்திரியில் ஏன் வருகிறது, தானாக ஏன் போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட முடியாதா என்று கேட்டேன். அதே பையில் கல் திரும்பவும் உண்டாகும் என்பதால் அப்படிச் செய்வதில்லையாம்.

வீட்டில் என் மாமியார் வாழைத்தண்டுச் சாறு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிறுபீளை வேரையும் கஷாயம் வைத்தார்கள். அவர்கள் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை ஊரில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த வைத்தியமெல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்பட்டது. சிறுநீரகத்தில் ஓயாமல் நீர் ஓடுகிறது, சின்னக் கல் அதோடு வெளியே வரலாம். பித்தப்பை இருக்கிற இடமே வேறு, வழியும் வேறு. குடிக்கிற தண்ணீர் அங்கே போவதே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதில் வெளியே வரும் பச்சை உருண்டைகள் அந்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பு மாதிரி கட்டிக்கொண்டது. கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கல்லைக் கரைப்பதற்கென்று கொடுக்கிற உர்சோ மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். பை நன்றாக வேலை செய்து, கல் சின்னதாக, கொலஸ்ட்ரால் கல்லாக இருந்தால் கரைய வாய்ப்புண்டு; மாதக்கணக்கில், சில சமயம் 2 வருஷம்கூடச் சாப்பிட வேண்டும்; கரைந்தவர்களிலும் பாதிப் பேருக்கு 5 வருஷத்துக்குள் திரும்ப வரும். நம் தென்னாட்டுப் பக்கம் கறுப்பு நிறமிக் கற்கள் அதிகம், அவற்றை அந்த மாத்திரை தொடாது.

எங்கள் குடும்பத்தில் பயத்துக்குக் காரணம் பெரியம்மா. எண்பதுகளில் அவர்களுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு முழுத் தழும்பு, வாரக்கணக்கில் படுக்கை. நான் அந்தத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவள். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியில் இதை முதலில் செய்தது 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூ. நம் நாட்டில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா செய்தார். பெரியம்மா காலத்துக்கு அது வந்து சேரவில்லை. எனக்கு 4 சின்னத் துளைதான். வயிற்றை ஊதவைக்கக் கார்பன் டை ஆக்ஸைடு ஏற்றுவதால் எழுந்ததும் வலது தோளில் ஒரு வலி இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. மறுநாள் நடந்தேன், அதற்கடுத்து வீடு.

கையெழுத்துப் போடும் முன் சிலதைக் கேட்டே ஆக வேண்டும். துளை வழியாக முடியாமல் போனால் வயிற்றைத் திறப்பீர்களா என்று கேளுங்கள். திறப்பார்கள், திறப்பதுதான் பத்திரம். அதற்கும் சேர்த்துத்தான் நாம் சம்மதம் எழுதிக் கொடுக்கிறோம். பித்தக் குழாயில் கல் இறங்கியிருக்கிறதா என்று கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் குழாயின் அகலமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். குழாயில் காயம் படும் அபாயத்தையும் கேளுங்கள். ஆயிரம் பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு நேரலாம் என்று ஒளிக்காமல் சொன்னவரிடம்தான் நான் உடம்பைக் கொடுத்தேன். செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போயிற்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, பணத்துக்குப் பயந்து வலியைத் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

எப்போது செய்வது என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு. அறுப்பு முடியட்டும், தை கழியட்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வலி நாள் பார்த்து வராது. மிஷின் வயலில் இறங்கி, நெல் களத்தில் கிடந்து, கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கிற நேரத்தில் பை வீங்கிக் காய்ச்சல் கண்டால் யார் யாரைப் பார்ப்பது? சம்பா நட்டு, களையெடுப்பும் ஓய்ந்து, அறுப்புக்கு நாள் இருந்த இடைவெளியில் செய்துகொண்டேன். சில வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். 40 கிலோ மூட்டை பக்கமே போகவில்லை, தண்ணீர்க் குடத்தைக்கூட என் ஓரகத்திதான் தூக்கினாள்.

அரசலாறு (கும்பகோணம்)

வெண்ணாற்றங்கரை அம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கல் இருக்கிற எல்லாரும் ஓடிவிட வேண்டாம் என்பதற்காக என் கதை. எனக்கும் கல் இருக்கிறது. ப்ராஸ்டேட்டுக்காக எடுத்த ஸ்கேனில் எதேச்சையாகத் தெரிந்தது. வலி இல்லை, வாந்தி இல்லை, சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. முதலில் பார்த்த தனியார் இடத்தில் அன்றைக்கே அட்மிஷன் போடச் சொன்னார்கள். நான் வெளியே வந்து வேறொரு சர்ஜனைப் பார்த்தேன். அவர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார்: வலியில்லாத கல் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொந்தரவாக மாறும், பெரும்பாலோர் அதோடேயே காலம் தள்ளிவிடுவார்கள், இப்போது எடுக்க அவசியமில்லை.

வாரணாசிப் பக்கம் இருக்கும் சம்பந்தி போனில் புற்றுநோய் என்று பயமுறுத்தினார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு, கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் மிக அதிகம். நம் பக்கம் அந்த அளவு இல்லை. ஆனாலும் பையில் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தால், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், வலியில்லாவிட்டாலும் எடுத்துவிடுவதுதான் வழக்கம் என்றார் டாக்டர். எனக்கு அவை இல்லை. வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றே வரச் சொல்லியிருக்கிறார். அதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

வேதாரண்யத்துப் பொண்ணு

அரசலாறு ஐயா, நீங்க அந்த மஞ்சளை எழுதி ஒட்டியிருக்கீங்க பாருங்க, அதுக்காகவே நன்றி. எங்க அப்பாவுக்குக் கல்லு இருக்குன்னு முன்னாடியே தெரியும். வலியும் வந்து வந்து போச்சு. ஒரு நாள் கண்ணு மஞ்சளாச்சு. ஊர்ல எல்லாரும் காமாலைன்னாங்க. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து கொடுத்தாங்க, பத்தியம் வச்சாங்க. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருந்தாரு. சிறுநீர் கறுத்துப் போச்சு, மலம் வெளுத்துப் போச்சு. இந்த மூணும் சேர்ந்து வந்தா அது பித்தம் வர்ற வழி அடைச்சிருக்குன்னு அர்த்தமாம். எந்த மூலிகையும் அந்த அடைப்பைத் திறக்காது.

குளிர் நடுங்க ஆரம்பிச்ச பிறகுதான் தூக்கிட்டுப் போனோம். பித்தக் குழாய்ல கல்லு இறங்கி, சீழ்ப் புடிச்சிருந்துச்சு. வாய் வழியா குழாய் விட்டு இ.ஆர்.சி.பி. பண்ணி, கல்லை எடுத்து, பித்தம் வடிய ஸ்டென்ட்ங்கற சின்னக் குழாய் வச்சாங்க. அப்புறம் பையை எடுத்தாங்க. அப்பா பொழைச்சுட்டாரு. பக்கத்துப் படுக்கையில இருந்தவருக்கு அதே மாதிரிக் கல்லு கணையத்தைப் புண்ணாக்கி ஐ.சி.யூ.வுக்குப் போயிட்டாரு. கல்லு உள்ளவங்க வீட்டுல காமாலைன்னு தெரிஞ்சா தயவுசெஞ்சு முதல்ல ஸ்கேனும் ரத்தமும் பாருங்க.

மாயவரம் டீச்சர்

எனக்குக் கல்லே இல்லை. ஆனால் வலி வெண்ணாற்றங்கரை அக்கா எழுதியிருக்கிற மாதிரியேதான். எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று, வயிற்றில் புண் இல்லை. ஸ்கேன் சுத்தம். கடைசியில் ஹைடா ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி மருந்து ஏற்றி, பை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது. 35லிருந்து 40 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள். எனக்கு 24. எடுத்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்வதுதான் என்னைத் தடுக்கிறது. எடுத்த பிறகு சாப்பாடு எப்படி அக்கா? வயிற்றுப்போக்கு நிற்கவே நிற்காது என்று பயமுறுத்துகிறார்கள்.

வெண்ணாற்றங்கரை

டீச்சரம்மா, கல் இல்லாத பையைப் பற்றி முடிவு சொல்ல நான் யார்? எனக்குத் திரையில் உருண்ட கல்லும், அழுத்தியதும் அடைத்த மூச்சும் சாட்சியாக இருந்தன. உங்களுக்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்பதால் உங்கள் டாக்டர் நிதானிப்பது நல்லதுக்குத்தான். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது பிடித்தது, எங்கே பிடித்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாப்பிட்ட பிறகு விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வருகிற வலியா, அல்லது எந்நேரமும் உப்புசமும் ஏப்பமுமா என்பது அதில் தெரியும். முதலாவது என்றால் எடுத்தவர்களுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று எங்கள் டாக்டரும் சொன்னார். ஹைடா எடுத்த சமயம் வலிக்கு வேறு ஏதும் மருந்து போட்டுக்கொண்டிருந்தீர்களா என்றும் அவரிடம் சொல்லுங்கள். மார்ஃபின் வகை வலி மருந்துகள் பை சுருங்குவதை மாற்றிக் காட்டும், அப்படியானால் அந்த 24ஐ நம்ப முடியாது.

சாப்பாடு பற்றி: பித்தம் இப்போது சேர இடமில்லாமல் நேராகக் குடலுக்கு இறங்குகிறது. முதல் சில வாரம் சாப்பிட்டதும் போக வேண்டும் போல இருந்தது. இட்லி, ரசஞ்சாதம், குழைந்த பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன், நெய்யைத் துளித் துளியாகச் சேர்த்தேன். இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன், ஆனால் ஒரே மூச்சில் பந்திச் சாப்பாடு இல்லை. சிலருக்குப் போக்கு நிற்காமல் இருப்பது உண்மைதான். அதற்குப் பித்த உப்பைப் பிடித்து வைக்கிற கொலஸ்டிரமைன் பொடி இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். பள்ளிக்கூட முழு ஆண்டு விடுமுறைக்கு முன்னால் இன்னொரு சர்ஜனிடமும் அந்த ஹைடா படத்தைக் காட்டிவிடுங்கள். அவரும் எடுக்கலாம் என்றால் விடுமுறையில் ஓய்வெடுக்க வசதியாக இருக்கும்.