ஹீமோலைசிஸ்: ‘குருதிப்பகுப்பு’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுப்பு, எலக்ட்ரோலிசிஸ் மின்னாற்பகுப்பு. அந்த வரிசையில், இரத்தச் சிவப்பணு உடைவதைக் குறிக்கும் ஹீமோலைசிஸுக்குக் ‘குருதிப்பகுப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் முதல் இரண்டிலும் ‘ஆல்’ உருபு இருக்கிறது. நீரால், மின்னால் வேறொன்று பகுபடுகிறது. இங்கே குருதி எதையும் பகுப்பதில்லை, அதிலுள்ள சிவப்பணு உடைகிறது. அப்புறம், ‘இரத்தப் பகுப்பாய்வு’ ஏற்கெனவே புழங்குவதால் நோயாளி இதையும் ஒரு பரிசோதனை என்றே நினைப்பார்.

‘சிவப்பணு அழிவு’ என்பதும் போதாது. சுமார் 120 நாள் வாழ்ந்த அணு மண்ணீரலில் அழிவது எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். நாள் வருமுன்னே உடைந்து, புது அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் சோகை வருகிறது.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊசி மிக மெலிதாக இருந்தாலோ குழாயை வேகமாகக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து, இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரம் சிவந்துவிடும். உள்ளேயிருந்த பொட்டாசியம் வெளியே வந்து அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். “சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு, மறுபடி எடுங்க” என்போம். அங்கே நோயே இல்லை. ஆகவே சொல் நிகழ்வை மட்டும் காட்டினால் போதும்: ‘அணுவுடைவு’. நோய்க்கு ‘அணுவுடைவுச் சோகை’.

---

சகோதரிக்கு வணக்கம்.

‘பகுப்பு’ வேண்டாம், சரி. பரிசோதனைக் குழப்பம் எனக்குத் தோன்றவேயில்லை. ஆனால் ‘அணுவுடைவு’ என்றால் அணுகுண்டுதான் நினைவுக்கு வரும். இலங்கையில் நாங்கள் ‘செங்குழியம்’ என்று படித்தோம். ‘செங்குழிய உடைவு’ என்றால் அந்த மயக்கம் இல்லை. இன்னொன்று: மண்ணீரலில் விழுங்கு செல்கள் அணுவை அப்படியே விழுங்குகின்றனவே, அதையும் ‘உடைவு’ தாங்குமா?

---

ஐயா, அணுகுண்டு நியாயமான தடைதான். ‘செங்குழிய உடைவு’, ‘செங்குழிய உடைவுச் சோகை’ இரண்டையும் ஏற்கிறேன்.

விழுங்கினாலும் உள்ளே உடைத்துத்தான் ஆகவேண்டும். அப்படி வெளிவரும் ஹீமோகுளோபின் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியாக மாறித்தான் கண் மஞ்சளாகிறது. இரத்தக்குழாய்க்குள் நடப்பதை ‘நாளத்துள் உடைவு’, அதற்கு வெளியே மண்ணீரல் போன்ற இடத்தில் நடப்பதை ‘நாளப்புற உடைவு’ என்று பிரித்துக்கொள்ளலாம். முன்னதில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகலாம்; பின்னதில் பெரும்பாலும் மண்ணீரல் வீங்கும்.

நோயாளி கையில் கொடுக்கும் தாளில் மட்டும் ‘சிவப்பணு உடைவு’ என்று விரித்தே எழுதுவேன். இங்கே தமிழ்நாட்டில் அவர்களுக்குத் தெரிந்த சொல் சிவப்பணுதான்.