ஒரு பை கலவையும் மூன்று டம்ளர் வெந்தயமும்

*ஞாயிறு, சேலத்துக் குடும்பக் குழு*

கவி: எல்லாருக்கும் ஒரு அவசரக் கேள்வி. மாடியில் நட்ட 12 தக்காளி நாற்றும் மஞ்சளாகிவிட்டது, இலை நுனி வேறு கருகுகிறது. ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் கலவை, 10 கிலோ. பை மேல் பூ, பழம், சிரிக்கிற குழந்தை எல்லாம் இருக்கிறது, உள்ளே என்ன கலந்திருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை 😭

பெரியம்மா: கண்ணு, போட்டோவில் செம்பட்டையாகத் தெரிகிறதே, அது மண்ணா தேங்காய் நார்த் தூளா?

கவி: முக்கால்வாசி நார்த் தூள்தான் பெரியம்மா. கொஞ்சம் கறுப்பாக ஏதோ இருக்கிறது. அதை மண்புழு உரம் என்று நினைத்தேன்.

ஏற்காடு மாமா: ஒரு கைப்பிடி ஈரமாக எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாள் வை சாமி. அப்புறம் பிரித்து மோந்து பார். முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த வாசம் வந்தால் நன்றாக மக்கியது. புளித்த வாடையோ மூத்திர நெடியோ வந்தால் இன்னும் மக்கவில்லை. அதைத் தொட்டியில் போட்டால் அங்கேதான் மீதியும் மக்கும், அதற்கு வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர் செடிக்கு விடாமல் தானே இழுத்துக்கொள்ளும். நீ என்ன ஊற்றினாலும் இலை மஞ்சள்தான்.

பிரபு: மாமா சொன்னது மஞ்சளுக்கு. நுனி கருகுவது உப்பாக இருக்கும். தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு, சில இடங்களில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுப்பார்கள், அதையும் கழுவாமல் கட்டியாக அழுத்தி விற்றுவிடுவார்கள். கவி, உங்கள் வீட்டில் ஆர்ஓ மெஷினுக்கு டிடிஎஸ் பேனா, தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது, இருக்கிறதா?

கவி: அப்பா வைத்திருக்கிறார், எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார் 😂

பிரபு: அதேதான். ஒரு டம்ளர் கலவைக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், அரை மணி ஊறவிட்டு வடிகட்டி அளந்து பார். முதலில் வெறும் தண்ணீரையும் அளந்துகொள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு, மேட்டூர் தண்ணீர் வரும் குழாயில் பிடி.

கவி: குழாய் 240, ஊறவைத்த தண்ணீர் 1,780!!

பிரபு: இவ்வளவு உப்பு இருந்தால் நாற்று எப்படித் தண்ணீர் குடிக்கும்? தூளைச் சாக்கில் கட்டி, ஊறவைத்து வடித்து, மூன்று நான்கு தடவை கழுவு. வடிகிற தண்ணீர் டீ நிறத்திலிருந்து வெளிறி வரும்.

அத்தை: இதற்குத்தான் எதையும் பையில் வாங்காதே, தொழு உரம் போடு என்கிறேன், யார் கேட்கிறீர்கள்.

பெரியம்மா: போன வருடம் நீ போட்ட சாணியில் என்ன வந்தது, அதையும் சொல்லேன்

அத்தை: அது வேறு கதை. பழைய எரு என்று சொல்லித்தான் கொடுத்தார், உள்ளே கைவிட்டால் சுடச்சுட இருந்தது, நான்தான் அவசரப்பட்டுப் போட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் கத்தரி துவண்டுவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு, சுருண்டு சுருண்டு ஏழெட்டு. கோழி இருந்ததால் பிழைத்தேன்.

ஏற்காடு மாமா: எருவில் இருக்கிற வெள்ளைப் புழுவில் சிலதுதான் வேர் தின்னும். காண்டாமிருக வண்டின் புழு மக்கைத் தின்றுதான் வளரும், வண்டானபின் தென்னங்குருத்தைக் குடையும். அதற்காக விட்டுவைக்காதீர்கள், பக்கத்து வீட்டில் தென்னை இருக்கிறது. சல்லடையில் சலித்துவிட்டால் போதும். எரு கறுத்து, உதிர்ந்து, சூடு இல்லாமல், சாணி வாடை போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா: கருப்பூர் பக்கம் ஒரு நண்பர் வீடு கட்டுகிறார், வானம் தோண்டிய மண் சும்மா தருகிறார். ஒரு லோடு எடுத்துக்கொள்ளலாமா?

ஏற்காடு மாமா: வேண்டாம் மாப்பிள்ளை, அது வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமி. மக்னீசியம் தூக்கலாக இருக்கும், செடி திணறும். செம்மண்ணே வாங்குங்கள்.

அத்தை: அப்படியானால் நீங்கள் காட்டிலிருந்து இலை மக்கு அனுப்புங்கள் அண்ணா

ஏற்காடு மாமா: வனத்துறை பிடித்தால் நீ வந்து கட்டுகிறாயா அபராதம்? எஸ்டேட் காப்பித் தோல் இருக்கிறது, பழம் உரித்த தோலைச் சாணியோடு போட்டுப் போன தை மாதம் குவித்தது, மூன்று முறை புரட்டியாகிவிட்டது. பச்சைத் தோலாகப் போட்டால் புளித்து நாறும், இது நன்றாக மக்கிவிட்டது.

பெரியம்மா: மோந்து பார்ப்பது சரி, எனக்கு மூக்கே அடைத்திருக்கிறது. என் மாமியார் செய்வது போல மூன்று டம்ளரில் மூன்று வித மண் நிரப்பி, பத்துப் பத்து வெந்தயம் போட்டுப் பார், முளைப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*வெள்ளி*

கவி: வெந்தயம் ரிசல்ட் வந்துவிட்டது. பைக் கலவை அப்படியே: 3. நான்கு முறை கழுவியது: 8. அத்தை வீட்டு இந்த வருட எருவோடு செம்மண்: 9. பைக் கலவையில் முளைத்த மூன்றுக்கும் வேர் நுனி பழுப்பாக இருக்கிறது, மற்றதில் வெள்ளை வெளேரென்று நூல் மாதிரி.

அத்தை: 🙂

கவி: மாமா சொன்ன கவரையும் பிரித்தேன். அம்மா சமையலறையை விட்டே விரட்டிவிட்டார்.

ஏற்காடு மாமா: அப்போது ரெண்டு வியாதியும் இருக்கிறது. கழுவினால் உப்பு போகும், மக்காதது மக்காததுதான். அந்தப் பைக் கலவையை ஓரமாகக் குவித்து, சாணித் தண்ணீர் தெளித்து, ரெண்டு மாதம் மூடி வை, வீணாக்காதே. புதிதாகப் போடுவதற்குச் செம்மண் ஒரு பங்கு, கழுவிய வேறு நார்த் தூள் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தூள் இதற்கு மேல் போனால் உரம் ஊற்றியே நீ களைத்துவிடுவாய்.

கவி: நாற்று பிழைக்குமா மாமா?

ஏற்காடு மாமா: குருத்து பச்சையாக இருப்பதை மட்டும் மாற்றி நடு. மற்றதைப் பிடுங்கு. நாளைக் காலை பஸ்ஸில் ரெண்டு மூட்டை போடுகிறேன், அஸ்தம்பட்டியில் பிரபு வந்து இறக்கிக்கொள்ளட்டும்.

பிரபு: எத்தனை மணி பஸ்? போன தடவை ஆறு மணிக்கே நிற்க வைத்தீர்கள்

பெரியம்மா: கவி, அந்த வெந்தயத்தைக் கொட்டிவிடாதே, கீரை வந்ததும் பருப்பில் போடலாம்

கவி: பெரியம்மா, மொத்தமே 20 செடி