புதுப்பிப்பு: ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் இருந்தது

மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதுகூட உயிர் போகிறதே, இது இயல்புதானா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இயல்பில்லை. எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்; எனக்குக் குடலருகே வளர்ந்திருக்கிறது. மேலோட்டமான படிவுகள் ஸ்கேனில் பெரும்பாலும் தென்படாதாம்; வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில்தான் தெரிந்தது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இது உண்டு. "பொறுத்துக்கொள்" என்று எனக்குச் சொன்னவர்களின் விழுக்காடு அதைவிட அதிகம்!

எது உதவியது என்று கேட்டிருந்தீர்கள். 3 மாத வலிக் குறிப்பேடுதான். எந்த நாள், எந்த இடம், மாத்திரைக்கு அடங்கியதா, சிறுநீர் கழிக்கையிலும் வலித்ததா என்று எழுதிவைத்ததைப் படித்த பிறகே மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேன். நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. வலி பாதியாகிவிட்டது, சோர்வுதான் விட்டபாடில்லை.