டெல்லியிடம் சுயாட்சி கேட்கிறோம், ஊராட்சிக்கு எவ்வளவு கொடுத்தோம்?

தாமிரபரணி:
1969-லேயே ராஜமன்னார் குழுவை அமைத்து மத்திய, மாநில உறவை அலசிய மாநிலம் நம்முடையது. 1976-ல் 42ஆவது திருத்தம் கல்வியை, டெல்லியும் மாநிலமும் சேர்ந்து சட்டம் இயற்றும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோன கோபம் எனக்கும் ஆறவில்லை. ஆனால் 1992-ல் நிறைவேறிய 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளை அரசமைப்பில் எழுதிவைத்ததே, அதில் எத்தனையை நாம் மனதார விட்டுக்கொடுத்தோம்? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் நெல்லையில் ஊரகத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருடம், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி! ஒரு மாநிலத்தை ஐந்து வருடம் ஆளுநர் கையில் விட்டிருந்தால் சும்மா இருந்திருப்போமா?

மேலூர்க்காரன்:
இந்த ஒப்பீட்டையே நான் ஏற்கவில்லை. மாநிலம் சட்டம் இயற்றும் அரசு, அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் அதற்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. ஊராட்சிக்கு அதிகாரம் 'கொடுக்கலாம்' என்றுதான் அரசமைப்பின் 243-ஜி பிரிவு சொல்கிறது. 1989-ல் ஊராட்சிகளுக்காக ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 64ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. மாநிலத்தைத் தாண்டி டெல்லி நேராக ஊருக்குள் கைவைக்கப் பார்க்கிறது என்று அன்றைக்கே எதிர்த்தார்கள். அந்தப் பயம் எனக்கு இன்றும் உண்டு.

இன்னொன்று. மேலவளவு எங்கள் பக்கத்து ஊர். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது, முருகேசன் வென்றார். அதற்காகவே 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் இதே ஒதுக்கீட்டுக்கு இருந்த எதிர்ப்பால் 1996 முதல் பத்து வருடம் முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-ல் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்ற பிறகுதான் நடந்தது. ஊரிடமே எல்லாவற்றையும் கொடு என்றால், ஊரில் யாரிடம்?

கொங்கு மலர்:
மேலூர் அண்ணா சொல்வது நியாயமான கேள்வி. ஆனால் முருகேசன் தலைவர் நாற்காலிக்கு வர வழி செய்தது எது? அதே 73ஆவது திருத்தம் கொண்டுவந்த இடஒதுக்கீட்டுப் பிரிவு, 243-டி. நான் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்ததும் அது பெண்களுக்குக் கொடுத்த ஒதுக்கீட்டால்தான்.

என் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து, மாற்றுவதற்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் ஒப்புதலுக்காக ஏழு வாரம் காத்திருந்தோம். கிராம சபையில் தீர்மானம் போட்டாயிற்று, ஊராட்சிக் கணக்கில் பணமும் இருந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை, ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவைக் கொண்டு மாவட்ட ஆட்சியர் நீக்க முடியும். மாநில அரசைக் கலைக்கும் அரசமைப்பின் 356ஆவது பிரிவை எதிர்ப்பவர்களுக்கு இது மட்டும் உறுத்தாதா? கேரளத்தைப் பாருங்கள். 1996-ல், உள்ளூர் மக்களே திட்டமிடும் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். அதனால் டெல்லியிடம் அவர்கள் குரல் தாழ்ந்துவிடவில்லை.

மேலூர்க்காரன்:
205 எனக்கும் பிடிக்காத பிரிவுதான் சகோதரி. ஆனால் பணம்? 2017-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு விற்பனை வரியின் பெரும்பகுதி மாநிலத்தின் கையை விட்டுப் போனது. டெல்லி பகிரும் வரியில் மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்றது 15ஆவது நிதிக்குழு. டெல்லி தனியாக விதிக்கும் செஸ்ஸும் கூடுதல் வரியும் அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. மேலே மடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் தண்ணீர் தேடினால் எப்படி?

தாமிரபரணி:
சரி, பணத்தை விடுங்கள். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243-இ. இதில் 'கொடுக்கலாம்' மாதிரி 'நடத்தலாம்' என்ற பேச்சே கிடையாது. 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இதையும் டெல்லியா செய்தது?

மேலூர்க்காரன்:
இல்லை. தேர்தல் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அதில் எந்தக் கட்சிக்கும் சாக்குச் சொல்ல மாட்டேன். நிதியும் பணியாளர்களும் ஊராட்சிக்கே போகட்டும். ஆனால் தலைவரை நாற்காலியில் உட்காரவிடாத ஊருக்குள் தலையிடும் அதிகாரம் மாநிலத்திடம்தான் இருக்க வேண்டும். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கொங்கு மலர்:
தலைவரைக் காப்பாற்ற அந்த அதிகாரம் இருக்கட்டும் அண்ணா. நீக்குகிற அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.