இரண்டு சேர்வருக்கு முன்னால் எதைப் போடுவது? அவசரம்

உப்புவெளி_தம்பி:
உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நாலைந்து விடுதிகளுக்கு புக்கிங் செயலி செய்து கொடுத்திருக்கிறேன். படகுப் பயணப் பதிவும் கணக்குச் செயலியும் அதே சேர்வரில்தான். சீசன் தொடங்கியதும் தாங்கவில்லை, இரண்டாவது சேர்வர் எடுத்தேன். வருகிற கோரிக்கைகளை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் நிறுத்தும் மென்பொருள் என்ஜின்எக்ஸா, அப்பாச்சியா, எச்ஏப்ராக்ஸியா? இப்போது ஆட்கள் லொகின் செய்தவுடனே வெளியே விழுகிறார்கள். இன்றிரவுக்குள் சரியாக வேண்டும்.

கடற்காற்று:
இப்போது முன்னால் ஓடுவது எது? செயலிகள் எதில் எழுதியவை? ரெம் எவ்வளவு? தாங்கவில்லை என்றால் 502 பிழை (பின்னால் இருக்கும் சேர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை) வருகிறதா, பக்கம் மெதுவாகிறதா?

மட்கோ_நெட்:
எச்ஏப்ராக்ஸி போடுங்கள் தம்பி. 2001 முதல் இந்த வேலைக்கென்றே வளர்ந்தது. சேர்வர் வரியில் 'செக்' என்று ஒரு சொல் சேர்த்தால் 2 விநாடிக்கொரு முறை தட்டிப் பார்க்கும்; தொடர்ந்து 3 முறை பதில் இல்லையென்றால் அந்தச் சேர்வரை ஒதுக்கிவிடும். நான் வைத்திருக்கும் இலவச என்ஜின்எக்ஸுக்கு, யாரோ ஒருவரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் விஷயம் தெரியும்.

பழைய_கை:
தேடிப் பார்க்காமல் அவசரம் என்று எழுதுவது நல்ல பழக்கமில்லை. ரவுண்ட் ராபின் என்னவென்று முதலில் படியுங்கள். ஒரு கோரிக்கை முதல் சேர்வருக்கு, அடுத்தது இரண்டாவதற்கு. செஷன், அதாவது யார் லொகின் செய்திருக்கிறார் என்ற குறிப்பு, முதல் சேர்வரின் டிஸ்கில் பைலாகக் கிடந்தால் இரண்டாவதற்கு அந்த ஆளை எப்படித் தெரியும்? எதை மாற்றிப் போட்டாலும் இது தீராது.

கிண்ணியா_கோடர்:
என்ஜின்எக்ஸில் ஐபி ஹாஷ் போட்டால் ஒரே ஐபி முகவரியில் வருபவர் ஒரே சேர்வருக்கே போவார், ஒரே வரிதானே?

கடற்காற்று:
விடுதி வைஃபையில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே ஒரே ஐபியாகத்தான் தெரிவார்கள். போதாததற்கு ஐபி ஹாஷ் ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டும்தான் பார்க்கும். பாரம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். செஷனை இரண்டு சேர்வரும் பார்க்கும்படி ரெடிஸில் (ரெம்மில் தரவு வைக்கும் மென்பொருள்) வையுங்கள். செயலி பிஎச்பி மொழியின் லாரவெல் கட்டமைப்பில் எழுதியது என்றால், குக்கியைப் பூட்டும் ஆப் கீயும் இரண்டு சேர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மட்கோ_நெட்:
எதைப் போட்டாலும் அப்பாச்சி மட்டும் வேண்டாம், ரெம்மைத் தின்றுவிடும்.

பழைய_கை:
அது ப்ரீஃபோர்க் (ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ்) காலத்துப் பேச்சு. 2012இல் வந்த அப்பாச்சி 2.4 பதிப்பிலேயே, குறைந்த ரெம்மில் பல இணைப்புகளைத் தாங்கும் ஈவன்ட் முறை நிலைப்பட்டுவிட்டது.

மட்கோ_நெட்:
பிஎச்பியை அப்பாச்சிக்குள்ளேயே மொட்யூலாக ஏற்றுபவர்கள் இன்றும் ப்ரீஃபோர்க்கில்தான் ஓட்டுகிறார்கள். கண்ணால் பார்க்கிறேன்.

பழைய_கை:
பிஎச்பியை வெளியே தனியாக ஓட்டும் எஃப்பிஎம்முக்கு மாறச் சொல்லுங்கள். அப்பாச்சியில் பிழை இல்லை.

உப்புவெளி_தம்பி:
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். புக்கிங் செயலி லாரவெல், முன்னால் ஏற்கெனவே என்ஜின்எக்ஸ். செஷன் பைலில்தான் இருந்தது. ரெடிஸுக்கு மாற்றினேன், இப்போது ஒருவரும் வெளியே விழவில்லை. எச்ஏப்ராக்ஸியை சீசன் முடிந்து பார்க்கிறேன். நன்றி அண்ணாமார்.

கடற்காற்று:
நல்லது. அந்த 502 பற்றிச் சொல்லவில்லையே?